தைலமரத் தோப்புக்கு இலையைப் பாராமல் உரமிடலாமா?

மாடு மேய்ச்சலில் நாட்டமின்றி நின்றால், நம் குடியானவர் அதன் மூக்கின் ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பார், காதின் சூட்டைப் பார்ப்பார், சாணத்தைக் கவனிப்பார், நேற்று என்ன தின்றது என்று மேய்த்த பையனைக் கேட்பார். அதன் பின்னரே மருந்தைப் பற்றி யோசிப்பார். இத்தனை நுட்பமாக மாட்டின் குறையை ஆராயும் அதே மனிதர், தம் தைலமரத் தோப்பு வெளுத்துக் காணும்பொழுது, எந்த இலை வெளுத்தது, எப்பொழுது வெளுத்தது என்பவற்றை ஒன்றும் நோக்காமல், நேரே உரக்கடைக்குச் சென்று இரண்டு மூட்டை யூரியா வாங்கி வருகிறார். மரம் தேறாவிடில் மற்றும் இரண்டு மூட்டை. இவ்வழக்கம் பொருட்செலவை விளைப்பதோடு நில்லாமல், பல இடங்களில் மரத்தின் குறையை அதிகப்படுத்தவும் செய்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

தைலமரம் நம் நாட்டு மரமன்று. எழுநூறுக்கு மேற்பட்ட அதன் இனங்களில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாக் கண்டத்துக்கு உரியவை. ஏறக்குறைய 1790-ஆம் ஆண்டில் மைசூர்ச் சீமையின் நந்தி மலையிலும், 1843-இல் நீலகிரியிலும் அது நடப்பெற்றது. நீலகிரியில் 1856 முதல் விறகுத் தேவைக்காக ஒழுங்கான தோட்டங்கள் உண்டாயின. இன்று புதுக்கோட்டை முதலிய சமவெளி ஜில்லாக்களில் நாம் காண்பது நீலகிரியின் கற்பூர மரமன்று. நந்தி மலையினின்றும் பரவிய மைசூர்க் கலப்பினமும், தேர்ந்தெடுத்த ஒரு தாய்மரத்தின் கிளைத் துணுக்குகளை வேர்விடச் செய்து பெருக்கிய கன்றுகளுமே காகிதக் கூழுக்காக இங்கு நடப்படுகின்றன. மூன்று மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 900 மரங்கள் நிற்கும். நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளில் ஒரு வெட்டு, அதன் பின் அடிக்கட்டையினின்றும் துளிர்க்கும் மறுதாம்பு, மீண்டும் வெட்டு. இம்மரத்தை நடலாமா கூடாதா என்பது வேறு வழக்கு. நிலத்தடி நீரைக் குறித்த கவலையால் கர்நாடக அரசு 2017-இல் புதிதாய் நடுவதைத் தடுத்தது. அவ்வழக்கில் இரு பக்கத்திலும் சொல்லத்தக்கன உண்டு. அதற்குள் நான் இப்பொழுது புகவில்லை. நட்டுவிட்டவர், கடன் வாங்கி நட்டவர், ஐந்தாம் ஆண்டின் வெட்டை நம்பி மகளின் கலியாணத்தைக் குறித்து வைத்திருப்பவர், இவர்களை முன்னிட்டே எழுதுகிறேன்.

செடிகளின் புறக்குறிகளைக் கொண்டு சத்துக்குறையை அறியும் கலை புதியதன்று. 1840-களில் பிரெஞ்சு தேசத்தில் கிரி என்பவர், வெளுத்த இலையின்மேல் இரும்பு உப்பின் கரைசலைத் தடவி, தடவிய இடம் பசுமையாவதைக் கண்டார். 1943-இல் இங்கிலாந்தில் வாலஸ் என்பவர் பல பயிர்களின் குறைக்குறிகளை வண்ணப் படங்களுடன் ஒரு நூலாக வெளியிட்டார். தைலமரத்துக்கென்றே 1995-இல் ஆஸ்திரேலியாவில் டெல், மலாய்ச்சுக், குரோவ் என்னும் மூவர் அத்தகைய நூல் ஒன்றைச் செய்தளித்தனர். கலை இவ்வளவு முதிர்ந்திருந்தும் அது நம் வரப்பு வரையில் வந்து சேரவில்லை. படங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் அலமாரியில் இருக்கின்றன. மரம் காட்டில் இருக்கிறது.

கற்கவேண்டிய முதற் பாடம் ஒன்றே. குறி முதலில் தோன்றுவது முதிர்ந்த இலையிலா, இளந்தளிரிலா என்று பார்க்கவேண்டும். பஞ்ச காலத்தில் ஒரு குடும்பத்தின் பெரியோர் தம் வாய்ச்சோற்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் மெலிவர் அல்லவா? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீஷியம் என்னும் நான்கும் மரத்துக்குள் அவ்வாறே நடந்துகொள்கின்றன. மண்ணில் தட்டுப்பாடு நேர்ந்தால் அவை கீழிலைகளை விட்டு நீங்கி நுனித்தளிருக்கு ஏறிச் செல்லும். ஆகவே பசி முதலில் கீழிலையில் தெரியும். சுண்ணாம்புச் சத்து, இரும்பு, போரான், செம்பு ஆகியவை அத்தகைய தியாகம் செய்வதில்லை. ஓரிலையில் ஒருமுறை அமர்ந்துவிட்டால் அங்கிருந்து எளிதில் பெயரமாட்டா. எனவே அவற்றின் குறை இளந்தளிரிலும் குருத்திலும் வெளிப்படும். துத்தநாகமும் கந்தகமும் பெரும்பாலும் இப்பின்னவற்றின் கட்சியையே சேர்ந்தவை. தோப்பில் நுழைந்தவுடன் கீழே பார்த்துப் பின் மேலே பார்க்கும் இவ்வொரு வழக்கத்தைக் கைக்கொண்டாலே தவறான மூட்டைகளிற் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

தழைச்சத்துக் குறையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. நெல்லிலும் கரும்பிலும் கண்ட குறிதான். கீழிலைகள் நரம்போடு சேர்த்து ஒரு சீராக வெளுத்து, மஞ்சளித்து, சில வேளைகளிற் செம்புள்ளிகள் பூண்டு உதிரும். ஆயின் நட்ட முதலாண்டில் இக்குறி தோன்றினால், யூரியாவைத் தேடுமுன் புல்லையும் களையையும் பாருங்கள். இளங்கன்றின் வேர் விரியாத காலத்தில் களையே அதன் பங்கைத் தின்றுவிடுகிறது. அப்பொழுது கொட்டும் யூரியா களைக்கு விருந்தாகும். மண்வெட்டியே அங்கு முதல் உரம்.

மணிச்சத்தின் குறை வஞ்சகமானது. செம்புறை மண் பாங்கான இடங்களில் மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் இச்சத்தைப் பிடித்து இறுக்கிக்கொள்வதால் அங்கே இக்குறை எதிர்பார்க்கத்தக்கது. எனினும் இலை வெகுகாலம் வரை ஒன்றும் காட்டாது. மரம் வெறுமனே வளராமல் நிற்கும். இலை சிறுத்து மங்கிய கரும்பச்சையாக இருக்கும். உடையவர் பச்சையைக் கண்டு திருப்தியடைவார். பின்னரே முதிர்ந்த இலைகளில் ஊதாநிறம் படரும். அப்பொழுது ஓராண்டு வளர்ச்சி போயிருக்கும். சாம்பல் சத்துக் குறையானால் முதிர்ந்த இலையின் விளிம்பு கருகும். மக்னீஷியக் குறையானால் முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளிக்க, நரம்பையொட்டிய பகுதி பச்சையாக நிற்கும்.

இதே நரம்புப் பச்சை இளந்தளிரிற் காணப்பட்டால் கதை முற்றிலும் வேறு. சுக்கான் கலந்த நிலங்களில், மேற்புறத் தளிர்கள் எலுமிச்சை நிறமாகி, நரம்பு மாத்திரம் மெல்லிய பச்சை வலையாகத் தோன்றும். குறை முற்றினால் தளிர் வெண்மையாகிவிடும். இஃது இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமலன்று; சுண்ணாம்பு மிகுந்த காரநிலத்தில் அது மரத்துக்கு எட்டாத வடிவில் கிடக்கிறது. மூன்று ஏக்கர்த் தோப்பு ஒன்றில் இதனை நான் நேரிற் கண்டேன். இரண்டாம் ஆண்டுத் தோப்பு. உடையவர் கடைக்காரர் சொற்படி இருமுறை யூரியாவும் ஒருமுறை கலப்புரமும் இட்டிருந்தார். தளிர் மேலும் வெளுத்தது. அவர் கிணற்றின் நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிந்திருந்ததைக் கண்டபொழுதே எனக்கு ஐயம் பிறந்தது. ஒரு லிட்டர் நீரில் ஐந்து கிராம் அன்னபேதியைக் கரைத்து, தாழ்ந்த கிளையொன்றின் நான்கு தளிர்களில் பாதி இலைக்கு மாத்திரம் தடவச் சொன்னேன். பன்னிரண்டு நாள் கழித்து அவர் அவ்விலைகளைக் காகிதத்திற் பொதிந்துகொண்டு வந்தார். தடவிய பாதியில் பச்சைத் திட்டுகள். தடவாத பாதி பழைய மஞ்சள். கிரி செய்த பரீக்ஷை நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கிராமத்துத் திண்ணையில் மீண்டும் நடந்தேறியது. அவர் அதுவரை செலவிட்ட பணத்தை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அதை இங்கு எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்நிலத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்வதானால், அங்கே தைலமரத்தை நட்டதே பிழை. இளமரத்துக்கு அன்னபேதியைத் தெளிக்கலாம். இருபது அடி உயர்ந்த மரத்துக்கு யார் தெளிப்பது? மறுதாம்பு விடாமல், வேறு பயிருக்கு அந்நிலத்தைத் திருப்புவதே நலம் என்றேன். குறை காணும் கலையின் பயன் உரத்தைச் சொல்வது மாத்திரமன்று. சில வேளைகளில் உரம் வேண்டா என்று சொல்வதும் அதன் பயனே.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதும் போரானுக்கு வருகிறேன். மேற்சொன்ன குறைகளெல்லாம் மரத்தை மெலிவிப்பன; போரான் குறையோ மரத்தின் உருவத்தையே கெடுத்துவிடுவது. ஆப்பிரிக்காவில், இன்று ஜாம்பியா என வழங்கும் நாட்டில், தைலமரத் தோட்டங்களின் நுனி கோடைதோறும் கருகிக்கொண்டு வந்தது. வறட்சியால் என்றே வெகுநாள் எண்ணியிருந்தனர். 1960-களின் தொடக்கத்தில் அது போரான் குறை என்று தெளிந்தது. பிரேஸிலிலும் சீனத்தின் யுன்னான் மாகாணத்திலும் இதே கதை கண்டறியப்பட்டது. வறட்சி என்று எண்ணியவர்களைக் குற்றம் சொல்லமுடியாது. ஏனெனில் வறட்சிக்கும் இக்குறைக்கும் உள்ள உறவு அத்தகையது. மண்ணிலுள்ள போரானின் பெரும்பங்கு மேற்பரப்பின் மக்கிலேயே அடங்கியிருக்கிறது. கோடையில் மேல்மண் உலரும்பொழுது மக்கு சிதைவதும் நின்றுபோம்; அங்குள்ள வேரும் உறிஞ்சுதலை நிறுத்தும். ஆழத்து வேர் நீரைக் கொடுத்துக்கொண்டிருக்கும், போரானைக் கொடாது. மரம் உயிரோடிருக்கும், குருத்து மாத்திரம் சாகும். மழை பெய்ததும் கருகிய குருத்துக்குக் கீழே நாலைந்து கிளைகள் போட்டியிட்டு எழும். மறு கோடையில் அவற்றின் நுனியும் கருகும். மூன்று ஆண்டுகளில் நெடுமரமாக வேண்டியது புதராக நிற்கும். கூழுக்கு மரம் வாங்குபவர் நேரான தண்டைத்தான் கேட்பார். புதரைத் துண்டாக்கி ஏற்றும் கூலிக்கே விலை சரியாய்ப் போம்.

ஆகவே கருகிய நுனியை மாத்திரம் பார்த்து முடிவு செய்யலாகாது. கருகாத இளந்தளிரைக் கையில் எடுங்கள். போரான் குறையுள்ள தளிர் தடித்து, சுருங்கி, மடித்தால் முறியும். விளிம்பும் நுனியும் மஞ்சளித்திருக்கும். இலையின் அடிப்புறத்து நரம்புகள் தக்கை போலச் சொரசொரக்கும். வெறும் வறட்சியால் வாடிய தளிர் மெலிந்து துவளுமேயன்றி இவ்வாறு தடிக்காது. பரிகாரம் எளிது, விலையும் குறைவு. கடையில் வெண்காரம் என்று விற்கும் உப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பங்கு போரான் உண்டு. ஓராண்டு மரத்துக்கு 10 கிராம் போதும். ஏக்கருக்கு ஒன்பது கிலோ ஆகும். வளர்ந்த மரத்துக்கும் இருபது கிராமுக்கு மேற்செல்ல நான் சொல்லமாட்டேன். மழையீரம் இருக்கும்பொழுது, அடிமரத்தை ஒட்டாமல் வட்டமாகத் தூவிக் கிளறவேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: போரான் போதாமைக்கும் மிகைக்கும் இடையிலுள்ள வரப்பு மிகக் குறுகியது. கைப்பிடி கைப்பிடியாக அள்ளி இட்டால் கீழிலைகளின் விளிம்பு தீய்ந்து உதிரும். குறையில்லாத தோப்புக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இடுவது நஞ்சிடுவதை ஒக்கும். முன்பு அந்நிலத்தில் பயிர் செய்தவர் இட்டாரா என்பதையும் விசாரித்தறிவது நன்று.

செம்பின் கதை இதனினும் விசித்திரமானது. மேற்கு ஆஸ்திரேலியாவில், நெடுங்காலம் சூப்பர் பாஸ்பேட்டு இட்டு, தழைச்சத்தைத் தேக்கும் தீவனப் பூண்டுகளையும் வளர்த்துச் செழிப்பித்த மேய்ச்சல் நிலங்களில் தைலமரத்தை நட்டனர். செழித்த நிலமாயிற்றே என்று எதிர்பார்த்த இடத்தில் மரங்கள் தண்டு நெளிந்து, கிளைகள் அழுங்குழந்தையின் கைபோல் தொங்கி நின்றன. மணிச்சத்தும் தழைச்சத்தும் மரத்தை வேகமாக வளர்த்தன. அவ்வேகத்துக்கு ஈடாகச் செம்பு கிடைக்கவில்லை. மரக்கட்டை இறுகுவதற்குச் செம்பு இன்றியமையாதது. அது குறைந்தால் தண்டு தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் வளைகிறது. இலையோ பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும்! இத்தகைய தோப்பில் மேலும் உரமிடுவது என்னாகும் என்பதை யோசித்துப் பாருங்கள். உரம் என்பது குறையைத் தீர்க்கும் பொருள் என்றே நாம் பழகியிருக்கிறோம். ஒரு சத்தை மிகுவித்தால் மற்றொன்றின் குறை பிறக்கிறது என்பது நம் கணக்கில் ஏறவில்லை. மணிச்சத்தை அளவுக்கு மிஞ்சி இட்ட இடங்களில் துத்தநாகக் குறை பிறப்பதும் இவ்வகையினதே. அதன் அடையாளம், இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, கிளைநுனியில் தளிர்கள் கொத்தாகக் குவிதல்.

இக்கொத்திலை விஷயத்தில் நானே தவறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோப்பில் இலைகள் குறுகி, நாடா போல் ஒடுங்கி, நுனியிற் கொத்தாக நின்றன. துத்தநாகக் குறை என்று சற்றும் தயங்காமற் சொல்லிவிட்டேன். உடையவர் துத்தநாக சல்பேட்டு வாங்கித் தெளித்தார், ஒன்றும் நேரவில்லை. இரண்டு மாதம் கழித்து மீண்டும் சென்றபொழுது, வரப்போரத்து இரண்டு வரிசைகளில் மாத்திரமே அக்குறி இருப்பதைக் கண்டேன். முதல்முறையே கண்டிருக்க வேண்டும். விசாரித்ததில், பக்கத்து வயலில் கிளைபாஸேட்டு என்னும் களைக்கொல்லியைக் காற்று வீசும் வேளையில் தெளித்தது தெரிய வந்தது. அம்மருந்தின் சாரல் பட்ட தைலமரம் துத்தநாகக் குறையுள்ள மரத்தைப் போலவே தோன்றும். அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. ‘நீங்களும் பார்த்துத்தானே சொன்னீர்கள்’ என்றார். அச்சொல் இன்றும் எனக்கு உறுத்துகிறது; ஏனெனில் நான் இலையைப் பார்த்தேனேயொழியத் தோப்பைப் பார்க்கவில்லை.

சத்துக்குறை வேலியையும் வரப்பையும் அறியாது. மண்ணின் போக்கையே அறியும். மேட்டில் ஒரு விதம், பள்ளத்தில் ஒரு விதம், சுக்கான் திட்டில் ஒரு விதம் என்று அது பரவிக் கிடக்கும். வரிசை வரிசையாகவோ, ஓரத்தில் மாத்திரமோ, அங்கொன்று இங்கொன்றாகவோ தோன்றினால் மனிதர் கையையோ, பூச்சியையோ, நோயையோ ஐயுறவேண்டும். அங்கொன்று இங்கொன்றாக இளங்கன்று வாடினால் அடியைத் தோண்டிக் கரையானைத் தேடுங்கள். தளிரின் நடுநரம்பிலும் காம்பிலும் மிளகு போன்ற முடிச்சுகள் இருந்து நுனி வளைந்திருந்தால் அது முடிச்சுக் குளவியின் வேலை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிற் பரவிய இச்சிறு பூச்சிக்கு அறிவியற் பெயரே 2004-இல்தான் சூட்டப்பெற்றது. நீர் தேங்கிய நிலத்தில் வேர் மூச்சுமுட்டி இலை மஞ்சளித்தால் அதற்கு வடிகால் வேண்டும், உரம் வேண்டா. புதுத்தளிர் சிவந்திருப்பதைக் கண்டு அஞ்சுபவரும் உளர். பல தைலமர வகைகளில் தளிர் சிவந்தே பிறக்கும். விரிந்து முதிர்ந்தபின் பசுமையாகும். ஒரே தாய்மரத்தின் கன்றுகளை நட்டவருக்கு இதில் ஓர் அநுகூலம் உண்டு. அத்தாயின் ஆரோக்கியமான இலை எந்நிறத்தது என்று ஒருமுறை அறிந்துகொண்டால், தோப்பு முழுவதற்கும் அதுவே அளவுகோல்.

கண்ணாற் கண்டதைக் கையாற் சோதிக்கவேண்டும். ஐயுற்ற சத்தை மூன்று இடங்களில் ஐந்தைந்து மரங்களுக்கு இட்டு, அவற்றின் அருகே ஐந்தைந்து மரங்களுக்கு இடாமல் விட்டு, சுண்ணாம்பால் அடையாளமிட்டு வையுங்கள். ஆறு, எட்டு வாரத்தில் பிறக்கும் புதுத்தளிரைப் பாருங்கள். பழைய இலை தேறுமா என்று பார்ப்பது வீண். கெட்ட இலை பெரும்பாலும் திரும்பாது. ஏக்கருக்கு 900 மரங்களிருக்க, பதினைந்து மரங்களில் தவறுவது தவறே அன்று. இத்தகைய ஆராய்ச்சி அனைத்தையும் முதல் இரண்டாண்டுகளுக்குள் முடித்துவிடவேண்டும். கிளைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் மூடியபின், மரம் உதிர்க்கும் இலையினின்று தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பெரிதும் மீட்டுக்கொண்டு தன் இல்லறத்தைத் தானே நடத்திக்கொள்ளும். அப்பொழுது இடும் உரத்தின் பயன் சுருங்கிவிடும்.

கண்ணும் கையும் தீர்மானிக்க இயலாத இடத்தில் ரசாயனப் பரீக்ஷை வேண்டும். இங்கேதான் எனக்கு நம் ஏற்பாட்டின்மேல் ஒரு குறை உண்டு. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு குணங்கள் சோதிக்கப்பட்டன. போரான், செம்பு, துத்தநாகம், இரும்பு எல்லாம் அதில் அடக்கம். நல்ல ஏற்பாடே. ஆயின் அதற்கு மண்ணெடுப்பது பெரும்பாலும் மேலே பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில். கைகாட்டும் உர அளவுகளோ நெல், கடலை, கரும்பு முதலிய பயிர்களுக்கு. பல அடி ஆழம் வேரோடும் மரத்துக்கு அவ்வட்டை பாதிச் சாட்சியே. அதனோடு இலைப் பரீக்ஷையும் சேர்ந்தாலன்றித் தீர்ப்புச் சொல்ல இயலாது. வளமான இளந்தோப்பின் விரிந்து முற்றிய இளம் இலையில் தழைச்சத்து நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்காவது இருத்தல் வேண்டும். போரான் பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழ்ப்பட்டால் குறை என்றே கொள்ளலாம். இரும்பைப் பொறுத்தவரை இலைப் பரீக்ஷையும் ஏமாற்றும். செம்மண் தூசி படிந்த இலை இரும்பை மிகுதியாகக் காட்டும். தூசியற்ற இலையிலுங்கூட, பயன்படாத வடிவில் இரும்பு தங்கியிருப்பதுண்டு. அதற்கு அன்னபேதித் தடவலே நம்பத்தக்கது. ஜில்லாதோறும் மண் பரிசோதனை நிலையம் இருக்கையில், மர இலையையும் அங்கே ஏற்றுக்கொண்டு, மரத்துக்குரிய அளவுகளோடு ஒப்பிட்டு எழுதியனுப்பும் வழக்கத்தை உண்டாக்குவது பெருஞ்செலவான காரியமன்று. கூழ்மரத்துக்குக் கன்று கொடுத்து ஊக்குவிப்போர் இலைக்கும் ஒரு வழி சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

வெட்டும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரத்தின் பட்டையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இலையிலும் சிறுகிளையிலும் தழைச்சத்து மிகுதி. இவற்றைத் தோப்பிலேயே உரித்தும் உதிர்த்தும் பரப்பிவிட்டால், விலைக்குப் போகும் கட்டையோடு வெளியேறும் சத்து கொஞ்சமே. நம்மவர் பட்டையைச் சாலையோரத்தில் உரிக்கவிட்டு, தழையை விறகுக்கென்று அள்ளவிட்டு, எஞ்சியதைக் கொளுத்தியும் விடுகிறார்கள். கொளுத்தினால் சாம்பல் நிற்கும். தழைச்சத்து புகையாய்ப் போம். இரண்டாம் மறுதாம்பு வெளுத்துக் காண்கையில் இவர்கள் கன்றைக் குறைகூறுவதை நான் ஒப்பவில்லை.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடங்கலில் தைலமரம் என்று எழுதும்பொழுது, அத்தோப்பு நட்ட ஆண்டையும், மறுதாம்பாயின் எத்தனையாவது என்பதையும், நுனி கருகியோ தளிர் வெளுத்தோ காணும் சர்வே நம்பர்களையும் தனிக் குறிப்பேட்டில் குறித்து வைப்பீர்களாயின், இரண்டு ஆண்டுகளில் கிராமத்தின் சுக்கான் திட்டும் போரான் குறைத் திட்டும் எங்கே எங்கே என்பது படமாய்த் தெரிந்துவிடும். எந்த ஆராய்ச்சி நிலையமும் அத்தகைய படத்தை உங்களையன்றிப் பெற இயலாது.

இலை அனுப்ப விரும்புவோர் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களில் எடுக்கலாம். வெயில் படும் மேற்கிளையினின்று, நுனியிலிருந்து எண்ணி முதன்முதலில் முழுதும் விரிந்து தடித்த இலையாகப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு மரங்களில் மரத்துக்கு நாலைந்து பறிக்கவேண்டும். குறையுள்ள மரங்களின் இலை ஒரு பொதி. அதே தோப்பில் நன்றாயுள்ள மரங்களின் இலை மற்றொரு பொதி. இரண்டாவது பொதி இல்லாமல் முதலாவதை அனுப்புவதிற் பயன் குறைவு. உரம் தெளித்த வாரத்தில் எடுக்கலாகாது. பிளாஸ்டிக் பையில் இட்டால் வேர்த்து அழுகிவிடும். துளையிட்ட காகித உறையில் இட்டு, சர்வே நம்பரையும், நட்ட ஆண்டையும், இட்ட உரத்தின் விவரத்தையும் உறையின்மேல் பென்சிலால் எழுதவேண்டும். மை ஈரத்தில் கலைந்துவிடும்.